கப்பி ஓடிய பக்கம்

கனகலிங்கத்தார் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுப் படலைக்கு வெளியே நின்றார். நான் கிணற்றடியில் சட்டை தோய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வரச் சொல்லவில்லை. அவராகவும் வரவில்லை. படலையின் மேற்கம்பியைப் பிடித்தபடி, தோய்க்கிற சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்தார். அவருடைய தலைமயிரிலும் புருவத்திலும் எப்போதும் ஒட்டியிருக்கும் மா இப்போது இல்லை. மில் பூட்டிக் கிடந்தது. மா இல்லாத முகத்தில் அவர் வேறொருவரைப் போல, வயது கூடியவராகத் தெரிந்தார்.

“மாஸ்டர், ஒண்டு கேக்க வந்தனான். கோவிக்கக்கூடாது.”

சட்டையைப் பிழிந்தேன். “சொல்லுங்கோ.”

“மில்லைத் திறப்பமெண்டு பாக்கிறன். சனம் வராது, பயம். நீங்கள் வந்து முதல் அரிசியைக் கொட்டினியளெண்டால் வரும். அந்தப் பிள்ளையின்ரை புருசனே வந்திட்டார் எண்டு…”

முடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவருக்கு இலகுவில் கலங்கும்.

“வாறன்” என்றேன்.

மறுத்துவிடுவேன் என்று நினைத்து வந்தவர். கும்பிட்டார். நான் ஈரச்சட்டையைக் கொடியில் போட்டேன்.

அந்தப் பிள்ளை என்று அவர் சொன்னது என் மனைவி குணலட்சுமியை. அவருடைய மில்லில்தான் அவள் செத்தாள்.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் அந்த மில் இருக்கிறது. அரிசியும் மிளகாயும் அரைப்பார்கள். தொண்ணூறில் மின்சாரம் போன பிறகு மோட்டர் உதவாமல் போயிற்று. கனகலிங்கத்தார் எங்கிருந்தோ ஒரு பழைய இஞ்சினைக் கொண்டுவந்து மில்லின் பின்சுவருக்கு வெளியே இருத்தினார். புகை உள்ளே வராமலிருக்கச் சுவரில் ஒரு நீள் துவாரம் உடைத்து, அதனூடாகப் பெல்ற்றை உள்ளே விட்டார். பெல்ற் மில்லின் தண்டிலிருந்த இரும்புக் கப்பியைச் சுற்றும். கப்பியைத் தண்டோடு பிடித்துவைத்திருப்பது ஒரு பெரிய நட்டு. மண்ணெண்ணெயில் இஞ்சின் இருமி இருமி ஓடியது. மா வந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு மில் ஓடவில்லை. ஆகவே எல்லாரும் அங்கே போனார்கள்.

அன்றைக்கு அவள் இடியப்ப மாவுக்கு அரிசி கொண்டுபோயிருந்தாள். வரிசையில் முன்னுக்கு நின்றாள். நட்டுக் கழன்றது. சுழன்றபடியே கப்பி தண்டைவிட்டு வந்து தரையில் விழுந்து ஓடியது. அவள் வாளியை எடுக்கக் குனிந்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது யாரோ ஒரு பெண் தன் சேலைத்தலைப்பால் அவளை மூடியிருந்தாள்.

அன்று காலையில் பொம்மர் வந்து தாவடிப் பக்கம் குண்டு போட்டது. அந்த அதிர்ச்சியில் நட்டு இளகிவிட்டது என்று கனகலிங்கத்தார் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். அந்த நாட்களில் எது உடைந்தாலும் பழியைப் பொம்மரில் போட்டுவிடலாம். அவர் செத்தவீட்டுக்கு வந்து குழறி அழுதார். பாடைக்குத் தோள் கொடுத்தார். சுடலையில் நான் குடத்தோடு இடப்பக்கமாகச் சுற்றியபோது எனக்குப் பின்னால் நின்று அழுதார். கோயிலில் வலம், சுடலையில் இடம். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் கத்தியால் ஒரு கொத்து விழுந்தது. தண்ணீர் என் முதுகில் வடிந்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று, அவளுடைய வாளியை எடுத்துவர மில்லுக்குப் போனேன். வாளியை எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள். அது சுவர் ஓரமாக, ஊறிய அரிசி புளித்து மணக்க, அப்படியே இருந்தது. பக்கத்தில் நட்டுக் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். அதிர்ந்து பிய்ந்த நட்டென்றால் மரை சிதைந்திருக்க வேண்டும். இதன் மரை புதிதுபோல் இருந்தது. யாரோ ஆறுதலாக, அவசரமில்லாமல், கழற்றியதுபோல் கழன்று வந்திருந்தது.

பிறகு தரையைப் பார்த்தேன். சீமெந்தில் ஒரு கீறல். தண்டுக்கு நேர் கீழே ஆழமாகத் தொடங்கி, வாசலை நோக்கி நேராக வந்தது.

நான் பௌதிக விஞ்ஞானம் படித்தவன். ரியூட்டரியில், தனியார் வகுப்பில், பிரயோக கணிதம் படிப்பிக்கிறேன். சுழலும் சில்லு தரையைத் தொட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்குக் கொப்பி பேனை தேவையில்லை. மோட்டர் இருந்த காலத்தில் அந்தத் தண்டு சுற்றிய பக்கம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் சுற்றியிருந்தால் கப்பி பின்சுவரில் போய் முட்டியிருக்கும். வாசலுக்கு வந்ததென்றால் தண்டு மறுபக்கம் சுற்றியிருக்கிறது. மறுபக்கம் சுற்றினால் அந்த நட்டு இறுகாது. ஒவ்வொரு தடவை இஞ்சினைப் போடும்போதும் ஒரு துளி இளகும். நட்டைக் கழற்றியதும் அந்தச் சுழற்சிதான், கப்பியை அவளிடம் அனுப்பியதும் அதேதான்.

பின்பக்கம் போய் இஞ்சினைப் பார்த்தேன். அதன் இரண்டு பக்கமும் சில்லு இருந்தது. எந்தப் பக்கத்திலும் பெல்ற் போடலாம். அதைத் தூக்கி முன்பின்னாகத் திருப்பி இருத்தியிருந்தால் தண்டு பழைய பக்கமே சுற்றியிருக்கும். நூற்றெண்பது பாகை. புதுப் பெல்ற்றும் வேண்டாம், புதுச் சாமானும் வேண்டாம்.

வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நாலுபேர் ஏசுவார்கள், அவர் குழறுவார், எல்லாரும் தேத்தண்ணி குடிப்பார்கள். எனக்கு அது காணாது. எனக்கு அவர் சாக வேண்டும்.

வகுப்பில் அப்போது சுழற்சிதான் நடந்துகொண்டிருந்தது. ஓர் உருவைச் சுழற்றினால் எல்லாப் புள்ளிகளும் இடம் மாறும், மையம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும் என்று கரும்பலகையில் கவராயத்தை ஊன்றிக் காட்டினேன். பிள்ளைகள் எழுதினார்கள். என் கை வட்டத்தை நன்றாகவே போட்டது. செத்தவீடு முடிந்து வந்த வாத்தியாரின் கை நடுங்கவில்லை என்று அவர்கள் வெளியே கதைத்திருக்கக்கூடும். வீட்டில் சீனிப்போத்தல் பூட்டியபடி இருந்தது. குணலட்சுமி எந்த மூடியையும் முதலில் பிழையான பக்கம் திருப்புவாள். இறுக்கிவிட்டு என்னிடம் கொண்டுவருவாள். “உங்கடை பௌதிகத்தாலை இதை ஒருக்காத் திறவுங்கோ பாப்பம்” என்பாள். கடைசியாக அவள் இறுக்கியதை நான் திறக்கவில்லை. தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடித்தேன்.

தொண்ணூற்றிரண்டு மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மில் திறந்தது. கனகலிங்கத்தார் தண்டுக்குச் சந்தனம் பூசியிருந்தார். தேங்காய் உடைத்துக் கற்பூரத்தை மூன்றுதரம் சுற்றிக் காட்டினார். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இஞ்சின் வைத்தது வைத்தபடி இருந்தது. நட்டை மட்டும், ஸ்பனருக்குக் குழாய் மாட்டி, ஏறி மிதித்து இறுக்கியதாகச் சொன்னார். “இனி யமன் வந்தாலும் அசையாது மாஸ்டர்.”

நான் ஒரு கயிறு கேட்டேன். கப்பிக்கு நேரே வாசல் வரைக்கும் இருந்த இடத்தை விட்டு, வரிசை இடப்பக்கச் சுவரோரமாக வரும்படி கட்டினேன். “இந்த இடத்திலை இனி ஒருத்தரும் நிக்கக்கூடாது” என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் விழுந்த இடம் அல்லவா. பெண்கள் சிலர் மூக்கைச் சிந்தினார்கள்.

மா விழுகிற வாய் அந்த இடத்தில்தான் இருந்தது. பை பிடித்தபடி அங்கே நிற்க வேண்டியவர் ஒருவர்தான். கனகலிங்கத்தார்.

முன்வீட்டு அருமைநாயகி அக்கா கயிற்றை இழுத்துப் பார்த்தார். “கயிறும் கட்டியாச்சு. இனிக் கனகலிங்கத்தார் அங்காலை நிண்டு எங்கடை மாவிலை கைவைச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது.”

“உம்மடை வாயை அரைக்கத்தான் இன்னும் ஒரு மில் வரேல்லை” என்றார் கனகலிங்கத்தார்.

“வந்தாலும் கல்லுத்தான் தேயும்.”

சனம் சிரித்தது. நீண்ட நாளுக்குப் பிறகு அந்த இடத்தில் கேட்ட சிரிப்பு. நான் முதல் அரிசியைக் கொட்டினேன். போகும்போது அருமைநாயகி அக்கா என் கையைப் பிடித்து, “நீர் பெரிய மனுசன் தம்பி. வேறை ஆருமெண்டால் இவனை வெட்டிப்போட்டிருப்பாங்கள்” என்றார்.

அன்று எல்லாரும் போன பிறகு, தண்டின் நுனியிலிருந்து நட்டுக்கு மேலாக ஒரு சிவப்புக் கோடு போட்டேன். இஞ்சினுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற். நட்டு இளகினால் கோடு இரண்டாகும். அவற்றுக்கிடையிலான கோணம் வளரும்.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு நாளும் மில்லுக்குப் போனேன். இஞ்சின் நிற்கும் நேரம் பார்த்து உள்ளே போய்க் கோட்டைப் பார்ப்பேன். முதல் கிழமை முழுவதும் அசையவில்லை. பிறகு ஒரு மயிரிழை. பிறகு பன்னிரண்டு மணியிலிருந்து நிமிடமுள் புறப்படுவதுபோல் மெல்ல விலகியது. கனகலிங்கத்தார் எனக்குக் கதிரை போட்டார். தேத்தண்ணி தந்தார். தன் வீட்டிலிருந்து எனக்குப் பிட்டு அவித்துக் கொண்டுவந்து வைத்தார். நான் தின்றேன். ருசியாக இருந்தது. தின்றபடி அவருடைய நெஞ்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்தேன். அவர் குனிந்து பையைக் கட்டும்போது தலை எங்கே வருகிறது என்று பார்த்தேன்.

அவர் நிறையக் கதைப்பார். கிளாலிக் கடலால் படகேறிப் போன மருமகனைப் பற்றி, சவர்க்கார விலை பற்றி, பின்னேரங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் றேடியோ கேட்பது பற்றி. குணலட்சுமியைப் பற்றியும் கதைப்பார். “வந்து நிண்டால் ஒரு சத்தம் இராது. சிரிச்சபடி நிக்கும்.” அவள் பெயர் அவர் வாயில் வரும்போது நான் கோட்டைப் பார்ப்பேன். அது விலகியிருக்கும் கோணம் அன்றைக்கு எனக்குப் போதுமானதாக இருக்கும்.

ஒன்றுதான் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. கப்பிக்கு என் மனைவியின் பெயர் தெரியாது. அது வந்து அடிக்கும், அவர் விழுவார், கடைசி மூச்சிலும் பொம்மரைத்தான் நினைப்பார். சனமும் அப்படித்தான் சொல்லும். அது இன்னொரு விபத்து. நான் விரும்பியது அது அல்ல.

ஆகவே ஒருநாள் மதியம் அவர் அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை.

இஞ்சின் நின்றிருந்தது. சாப்பாட்டு நேரம், மில்லில் வேறு ஒருவரும் இல்லை. அருமைநாயகி அக்கா அரிசி வாளியை வைத்துவிட்டு, கடைக்குப் போய்வருகிறேன் என்று போயிருந்தார். கனகலிங்கத்தார் பழந்துணியால் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நின்றார்.

“மாஸ்டர், இதிலை சிவப்புக்கோடு ரண்டு கிடக்கு. ஆர் பூசினது?”

“நான்.”

“ஏன்?”

எழுந்து போய் வாசல் படலையின் கொழுக்கியைப் போட்டேன். திரும்பி வந்தேன். “அது பூசினபோது ஒரு கோடுதான் அண்ணை.”

விளங்காமல் சிரித்தார். நான் ஸ்பனரை எடுத்து நட்டில் மாட்டி அசையாமல் பிடித்தேன். “இஞ்சின் சுத்திற பக்கம் கப்பியைக் கையாலை சுத்துங்கோ.”

சுற்றினார். கப்பி வந்தது. ஸ்பனருக்குள் நட்டு நிற்க, தண்டு அதற்குள் சுழன்று பின்வாங்கியது. இன்னொரு சுற்று. நட்டு கப்பியை விட்டு விலகி வெளியே வந்தது.

“இனி மற்றப் பக்கம்.”

நட்டு உள்ளே போய்க் கப்பியில் முட்டி இறுகியது. அவர் எவ்வளவு பலம் போட்டும் அதற்குமேல் சுற்றவில்லை.

“மோட்டர் சுத்தின பக்கம் இது. உங்கடை இஞ்சின் சுத்திறது அந்தப் பக்கம்.”

அவர் கப்பியிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்தார். பிறகு தானாகவே மறுபடி கப்பியைப் பிடித்து, இஞ்சின் சுற்றும் பக்கமாக, மெதுவாகச் சுற்றினார். நட்டு வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே சுற்றினார். நான் ஸ்பனரை விடவில்லை. நட்டு கடைசி இரண்டு மரையில் நிற்கும்போது அவர் நிறுத்தினார்.

“அப்ப பொம்மர் இல்லை.”

“இல்லை.”

தரையைக் காட்டினேன். கீறலைக் காட்டினேன். எந்தப் பக்கம் சுற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று உள்ளே சுவரில் சாத்தியிருந்த என் சைக்கிளின் முன்சில்லைத் தூக்கிச் சுழற்றித் தரையில் விட்டுக் காட்டினேன். வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். குரல் உயரவில்லை. அவர் நல்ல மாணவர். இடையில் கேள்வி கேட்கவில்லை.

கடைசியில் ஒன்று கேட்டார். “என்ன செய்திருக்கோணும்?”

“இஞ்சினைத் திருப்பி வைச்சிருக்கோணும்.”

“திருப்பி வைச்சாலே காணுமோ?”

“ஓம்.”

அரிசி மூட்டையில் இருந்துவிட்டார். வாய் எதையோ மென்றது. வெற்றிலை அல்ல.

“இஞ்சின் பூட்ட வந்த பிலிப்பு சொன்னவன். அண்ணை, இது மாறிச் சுத்துது, திருப்பி வைப்பமெண்டு. அடியிலை சீமெந்துக் கட்டு முடிஞ்சுது. உடைச்சால் வேறை சீமெந்துக்கு எங்கை போறது? டைனமோவும்தான் எந்தப் பக்கம் சுத்தினாலும் றேடியோ கதைக்குது. எந்தப் பக்கம் சுத்தினாலும் மா வருதுதானே எண்டனான். அவனும் சிரிச்சிட்டுப் போட்டான்.” மூக்கை உறிஞ்சினார். “மா வந்தது மாஸ்டர்.”

நான் காத்திருந்தேன். இந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை நாள் பிட்டுத் தின்றேன். அவர் குழறுவார், காலைப் பிடிப்பார் என்று நினைத்திருந்தேன். கண் கலங்கக்கூட இல்லை. முதன்முறையாக அவர் முகம் காய்ந்து கிடந்தது.

“நீங்கள் எப்ப அறிஞ்சனீங்கள்?”

“எட்டுச் செலவு அண்டைக்கு.”

அவர் கயிற்றைப் பார்த்தார். சுவரோரமாக அது போன வழியைப் பார்த்தார். பிறகு தான் வழக்கமாக நிற்கும் இடத்தை. “அப்ப உந்தக் கயிறு அந்தப் பிள்ளைக்காக இல்லை.”

“இல்லை.”

“எனக்கு.”

“ஓம்.”

தலையை ஆட்டினார். விலை சரி என்று ஒப்புக்கொள்பவரைப் போல. ஸ்பனர் என் கையிலிருந்தது. அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். கையில் வைத்துப் பாரம் பார்த்தார். நட்டின் அருகே கொண்டுபோனார்.

“இறுக்கட்டோ மாஸ்டர்?”

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இறுக்குங்கோ என்று சொல்லவும் வரவில்லை. எனக்குள் எங்காவது ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பனரை யன்னல் கட்டில் வைத்தார். அருமைநாயகி அக்காவின் வாளியைத் தூக்கி அரிசியை மேலே கொட்டினார். கயிற்றைக் குனிந்து கடந்து, கப்பிக்கு நேரே, மா விழும் வாயருகே போய் நின்றார். பையை எடுக்கவில்லை. மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“எனக்குத் தோள் ஏலாது. நீங்கள் போய் இஞ்சினைப் போடுங்கோ.”

பின்பக்கம் போனேன். வெயில் இஞ்சினில் கொதித்தது. கைபிடியை மாட்டினேன். முதல் சுற்றுக்கு அது மூச்சுவிட்டது. இரண்டாவதுக்கு ஒரு புகை. நான் நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதுக்குப் பிடித்தது. பெல்ற் ஒருமுறை துள்ளி இறுகி ஓடத் தொடங்கியது. சுவர் அதிர்ந்தது. இஞ்சினை நிறுத்தும் கம்பியில் கையை வைத்துக்கொண்டு, துவாரத்துக்கு நேரே குந்தினேன்.

வாசல் படலையை யாரோ அடித்தார்கள். “என்ன கனகலிங்கத்தார், பட்டப்பகலிலை பூட்டிப்போட்டு என்ன செய்யிறீர்? என்ரை அரிசி!” அருமைநாயகி அக்காவின் குரல். உள்ளேயிருந்து பதில் வந்தது. சத்தமாக, நிதானமாக. “பொறும் அக்கா. அரைபடுது. உள்ளுக்கை வராதையும்.”

கப்பி தண்டின் நுனியை நோக்கி நகர, பெல்ற் அதன் நடுவிலிருந்து மெல்ல ஓரத்துக்கு நடக்கத் தொடங்கியிருந்தது. கம்பி என் கையில் சூடாக இருந்தது. துவாரத்தினூடாக அவருடைய முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. பிடிக்கப் பை இல்லாமல் மா நேரே தரையில் கொட்டியது. வெள்ளையாகக் குவிந்தது. அவருடைய கால்விரல்களை மூடியது. பிறகு பாதங்களை. கணுக்கால் மட்டும் வெளியே தெரிந்தது. கால்கள் அசையவில்லை. மா ஏறிக்கொண்டிருந்தது.